தையல்காரப் பெண்ணிடம் நான் கத்தியது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதீங்க என்றால் மட்டும் காது கேட்காது. தங்கை பரீட்சை முடித்துவிட்டு மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். போனில் என் குரல் ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்னாய், ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அது பொய். ஆத்திரம், இன்னும் அடங்கவில்லை, உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்.

எங்கள் ஆலோசனை மையத்துக்கு ஏழு மாதமாக ஒரு பெண் வருகிறாள். பேர் சொல்லக் கூடாது, தையல் வேலை செய்பவள், ஒரு குழந்தை உண்டு. புருஷன் அடித்ததில் இடது கையில் இரண்டு விரல் மடங்காது, அந்தக் கையால்தான் துணியைத் தள்ளித் தைக்கிறாள். வெளியில் அவன் தங்கமான மனுஷன். ஒருமுறை மையத்துக்கே வந்து சிரித்தபடி, "இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க மேடம்" என்றான். நானும் பதிலுக்குச் சிரித்துவைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து, துணி மடிக்கவில்லை என்று அப்பாவிடம் எரிந்து விழுந்தேன், பாவம் அவர். அப்புறம் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த அதிகாரி, வீட்டுச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரி சார் என்று திரும்பி வந்தேன்.

அவனை விட்டுத் தன் அக்கா வீட்டில் நாலு மாதம் இருந்தவள், போன மாதம் வந்து, "அவரு மாறிட்டாரு மேடம், நான் போறேன்" என்றாள். இருபது வருஷம் படித்ததும் பழகியதும் எங்கே போனதோ, மேசையில் ஓங்கி அடித்து, "உனக்கு ரோஷமே கிடையாதா, எத்தன தடவ சொல்றது" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று முகத்துக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனாள். மடங்காத அந்த விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு கையை இறக்கி, "அவரும் இதேதான் கேப்பாரு மேடம், எத்தன தடவ சொல்றதுன்னு" என்றாள். அழக்கூட இல்லை, எழுந்து போய்விட்டாள்.

மையத்தில் பக்கத்து அறைத் தோழியிடம் சொன்னேன். உனக்கு யார் மேல கோபம் என்று மட்டும் கேட்டாள். அவன் மேல், அந்த அதிகாரி மேல், என் மேல். அங்கெல்லாம் பூனையாக இருந்துவிட்டு இவளிடம் புலியாகப் பாய்ந்திருக்கிறேன்.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் உதட்டில் காயத்தோடு வந்தாள். அவள் உட்காரும் முன்பே மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "என்கிட்ட கத்திட்டு மன்னிப்புக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாள். புகார் எழுதணும், கூட வருவீங்களா என்றாள். போனோம். அதே அதிகாரி, அதே பேச்சு. இந்தத் தடவை நான் சரி சார் சொல்லவில்லை. பதிவு பண்ணி நகல் கையில் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். குரலை உயர்த்தவே இல்லை. மூன்றரை மணி நேரம் கழித்து எழுதினார். அவளும் குழந்தையும் இப்போது ஒரு காப்பகத்தில் இருக்கிறார்கள். அவன் மட்டும் சட்டை மடிப்புக் கலையாமல் தெருவில் நடக்கிறான், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உன் மேலும் கோபம்தான். போன கடிதத்தில், கூட வேலை பார்ப்பவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன், அவன் மனைவி கையில் கட்டு, கேட்டால் விழுந்துவிட்டேன் என்கிறாள், போன வருஷமும் அப்படித்தான் சொன்னாள், நமக்கெதற்கு என்று வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. அவனிடம் போய்ச் சண்டை போடாதே, அடி அவளுக்குத்தான் விழும். அவன் இல்லாத இடத்தில், ஏதாவது உதவி வேணுமா என்று கேள். இல்லை என்றால் ஏன் என்று குடையாதே, எப்போது வேணுமானாலும் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு வா.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷன் என்ற பேரோடு நீண்ட நாள் இரு கண்ணா. அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. கண்ணாடி மாற்ற மறக்காதே. கையில் கட்டுப் போட்ட அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எழுது. வானிலையைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பினால் பிரிக்கவே மாட்டேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா