சைலன்சரைக் கழற்றுமுன்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் நலமும் மாமாவின் மூட்டுவலியின் நலமும் அறிய ஆவல்.

உன் அண்ணன் மரத்தில் மோதி நம் வாசலில் விட்டுப்போன காரின் சைலன்சரைக் கழற்றி, அதே மாடல்தானே என்று நம் வாடகைக் காருக்கு மாட்டப் போகிறாயாம். வேண்டாம் என்று நான் சொன்னால் இன்றே கழற்றுவாய். அதனால் எப்படிக் கழற்றுவது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதே. செங்கல்லையும் நம்பாதே. நான் வண்டிகளைப் பிரிக்கும் கிடங்கில் போன வாரம் மேஸ்திரி, "செங்கல்லு மேல வீடே நிக்குது, காரு நிக்காதாய்யா?" என்றார். நான் ஸ்பேனர் எடுக்க வெளியே வரும்வரை நின்றது. எனக்கு ஒன்றுமில்லை, அடியில் விட்டுவந்த தொப்பிதான் தட்டையானது.

ஆகவே இரும்பு ஸ்டாண்டு வாங்கி முட்டுக் கொடு. சக்கரங்களையும் கழற்றி அடியில் படுக்க வை; தவறி இறங்கினாலும் கார் அவற்றின்மேல் இறங்கட்டும். துருப்பிடித்த போல்ட்டை எண்ணெயில் ஊறவிடு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். உன் அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும், எதையும் தொடாமல்.

மாட்டியதும் காரின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. இந்த அறையில் ஃபேன் சத்தத்தைத் தவிரக் கேட்க ஒன்றுமில்லை.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது. நீ அடியிலிருந்து வெளியே வந்ததும் போன் செய். கை கழுவிவிட்டுச் செய்யலாம் என்று இருந்துவிடாதே.

உன் கணவன்