கடல் புத்தகம் பற்றி அக்கா எழுதுவது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்பு சுகம். உன் வீட்டில் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறாதே. இங்கே ஆவதற்கு ஆள் மிச்சமில்லை, நான் ஒருத்திதான். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய்தான் சொல்வேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் வந்து பார்க்கவில்லை, அதற்கே அலுத்துப் போயிருக்கும். மாடி அறை இன்னும் காலி. வாடகைக்குக் கேட்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கூடத்து மேசையில் நம் வரைபடமும் பகடைகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் ஜோசியம் சொல்கிறவளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை, திரும்பி வரவும் இல்லை.

வேலைக்குக் குறைவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து மாதம் நாற்பது பல்செட் போகிறது. ஒரு அம்மாள் தன் செட்டை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், பேசும்போது லொடக் லொடக்கென்று சத்தம் வருகிறதாம். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தனியாக இருக்கிற அம்மாள், தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தால் லொடக்கென்றுதான் கேட்கும் என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் அந்தச் செட்டை வாங்கி இன்னொரு தரம் ராவிக் கொடுத்தேன்.

மெருகு போடும் பெண் போன வாரம் என்னிடம், நீங்கள் போனில் ஏதோ ஆட்டத்தைப் பற்றியே படிக்கிறீர்களே, அது என்ன என்று கேட்டாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவளுக்குக் கேட்பானேன். நெடுவழி என்று பெயர், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது, ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுப்பார்கள், பகடை விழுகிறபடி கதை திரும்பும், மலைக்கு ஒரு புத்தகம் காட்டுக்கு ஒரு புத்தகம் என்று பதிமூன்று விதிப்புத்தகம் வந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீங்கள் என்ன வேஷம் என்றாள். மருத்துவச்சி என்றேன். கதை எங்கே நிற்கிறது என்றாள். துறைமுகத்தில், ஆறு வருடமாக என்றேன்.

உண்மைதானே. நானும் எதிர்வீட்டு டைலரும் சயின்ஸ் டீச்சரும் மூட்டையோடு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த அன்றுதான் நீ கதையை நிறுத்தினாய். கப்பல் ஏறலாம் என்று நாங்கள் குதித்தோம். கடலுக்கு இன்னும் விதிப்புத்தகம் வரவில்லை, விதி இல்லாமல் கப்பலை எடுக்க மாட்டேன், நானே இட்டுக்கட்டி நீங்கள் மூழ்கினால் அது என் தப்பு, புத்தகப்படி மூழ்கினால் புத்தகத்தின் தப்பு என்றாய். உன் பிடிவாதம் தெரிந்ததுதான். அடுத்த மாதமே உனக்கு அங்கே வேலை கிடைத்தது. கடல் புத்தகம் வரட்டும் அக்கா, அன்றைக்கு வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். டைலர் மகள் வீட்டோடு போய்விட்டார். டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது. அம்மா தவறியபோது நாலு நாள் வந்தாய், அது ஆடுகிற நேரமா? அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது.

இனி சுற்றி வளைக்கப் போவதில்லை. இணையத்தில் நெடுவழி ரசிகர்கள் நடத்தும் குழுவின் சட்டம் உனக்கு நினைவிருக்கும். அடுத்து என்ன புத்தகம் என்று யார் எழுதினாலும், மேலே மூன்றில் ஒரு சொல்லைப் போட வேண்டும். தானாக யோசித்துச் சொன்னால் ஊகம். பிறர் சொல்லித் தெரிந்தால் கேட்டது. கண்ணால் பார்த்திருந்தால் கண்டது. ஊகத்தை யாரும் சட்டை செய்வதில்லை. நான் அங்கே கொக்கு என்ற பெயரில் ஆறு வருடமாக ஊகம் எழுதுகிறேன். கடல் புத்தகம் வரும், ஏன் வரும் என்று எத்தனை எழுதியிருப்பேன். பூதக்கண்ணாடி என்று ஒரு ஆள், அவர் மட்டும் எப்போதாவது, பார்ப்போம் என்று ஒரு வார்த்தை போடுவார்.

இந்த வருடம் பதிப்பகத்தார் வழக்கம்போல, அடுத்த புத்தகத்துக்குக் குறிப்பாக, ஒரு சொல்கூட இல்லாமல் ஒரு படத்தை மட்டும் போட்டார்கள். கயிறு, அதில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். குழு இரண்டுபட்டது. கிணற்றுக் கயிறு, பாதாளப் புத்தகம் வருகிறது என்று பாதிப் பேர். தூக்குக் கயிறு, சிறைப் புத்தகம் என்று மீதிப் பேர். முடிச்சு எந்தப் பக்கம் புரண்டிருக்கிறது என்பதற்கே பூதக்கண்ணாடி மூன்று பக்கம் எழுதினார். நான் கப்பல் கயிறு என்றேன். ஊகம் என்று போட்டுத்தான் எழுதினேன். அதை ஒருத்தரும் படித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளியிடம் போய்வருகிறேன் என்று சொன்னதற்குப் பிறகு நான் வாய்திறந்து யாரிடமும் பேசவில்லை. கடையில்கூட விரலைக் காட்டித்தான் முட்டை வாங்கியிருக்கிறேன். தட்டைத் தள்ளிவைத்தேன். போனை எடுத்தேன். பதினான்காவது கடல் புத்தகம்தான், என் உறவுக்காரர் வேலை செய்யும் அச்சகத்தில் பார்த்தேன், உள்ளே மூன்று மடிப்பில் நீல வரைபடம் இருக்கிறது என்று எழுதினேன். மேலே கண்டது என்று போட்டேன்.

எனக்கு ஏது அச்சகத்தில் உறவு? எனக்கு உறவென்றால் நீதான்.

இருட்டுவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் எழுதிவிட்டார்கள். நீலம் வெளிறியதா அடர்த்தியா என்று கேட்டார்கள். திமிங்கிலம் உண்டா, புயலுக்குத் தனிப் பகடையா என்று கேட்டார்கள். கொக்கு அக்கா, சாப்பிட்டீர்களா என்றுகூட ஒரு பிள்ளை கேட்டது. எல்லாருக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன். அத்தனையும் புளுகு. இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்கிற கதைதான். ஆனால் தம்பி, அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

இதைவிடக் கூத்து இன்னொன்று. நாலு நாள் கழித்து வேறொரு தளத்தில், கடல் புத்தகம் முந்நூறு பக்கம், அட்டையில் கலங்கரை விளக்கம் என்று எவரோ எழுதியிருந்தார்கள். நான் சொல்லாத விவரம். ஆகா, நிஜமாகவே வருகிறது என்று துள்ளிவிட்டேன். நம் பொய்தான் நாலு தெரு சுற்றி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று புரிய ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாளில், பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற கலவையில் மிச்சமானதை வைத்து ஒரு கப்பலே செய்துவிட்டேன். ரோஸ் நிறத்தில், பாய்மரத்துக்குப் பதில் முன்பல் வைத்து. பார்த்தால் சிரிப்பாய்.

அதற்கு மறுநாள்தான் உன் செய்தி வந்தது. பதினோரு மாதமாக நல்ல நாளுக்கு ஒரு படம், கேட்டதற்கு ஒரு கட்டைவிரல், அவ்வளவோடு இருந்தவன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். கடல் புத்தகம் வருகிறதாம் அக்கா, அச்சகத்தில் ஒருத்தர் கண்ணால் பார்த்தாராம், அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டைலரையும் டீச்சரையும் வரச் சொல் என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வா என்று மட்டும் பதில் போட்டேன்.

பதிப்பகத்தார் என்ன புத்தகம் என்று சொல்லப்போவது இருபதாம் தேதி. நீ வருவது பதினெட்டு. நான் என்ன கணக்குப் போட்டேன் என்று உனக்குப் புரியும். வந்து இறங்கிவிட்டால் அப்புறம் என்ன, புத்தகம் இல்லாவிட்டால் போகிறது, பத்து நாள் இருந்துவிட்டுத்தானே போவாய். இப்படி நினைத்துக்கொண்டு மாடி அறையைக் கழுவினேன். இரண்டு தலையணை வாங்கினேன். டைலரிடம் பேசினேன், அவர் பஸ்ஸுக்குப் பதிந்துவிட்டார். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான் என்பார்கள், நான் மூன்று வாரம் ஓட்டிவிட்டேன்.

இன்னும் ஓட்டியிருப்பேன். நேற்று உன் மகள் பேசினாள். உன் போனை எடுத்து, தானே பேசினாளாம். இந்த லீவுக்கு அவளைப் பனிமலைக்குக் கூட்டிப்போவதாகப் போன வருடமே சொல்லியிருந்தாயாமே, எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இந்த ஒரு லீவுதான் அத்தை, இரண்டு வருடத்துக்கு அடுத்தது கிடையாது, ஆனால் கப்பல் புறப்படுகிறதாம், அதனால் அப்பா அங்கே வருகிறார், மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பரவாயில்லை அத்தை என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி பரவாயில்லை என்கிறாள். அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது எப்படிச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஆகவே கேட்டுக்கொள். கடல் புத்தகம் வருகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்தக் கொக்கு நான்தான். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஒரு வரி போடு. அதன் பிறகு குழுவிலும் எழுதிவிடுவேன். விலக்கிவிடுவார்கள், சட்டம் அப்படி. இருக்கட்டும். டைலரிடமும் நானே பேசிக்கொள்கிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டும்.

கோபம் வந்தால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நானும் உன்மேல் கோபப்பட்டேன், மறைப்பானேன். அக்காவைப் பார்க்க வர இவனுக்கு ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறதா என்று நேற்று முழுக்கப் பொருமினேன். சமையலறையில் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன். பிறகு யோசித்தால், உன்னைக் கூப்பிட எனக்கும் ஒரு புத்தகம்தான் வேண்டியிருந்திருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது, காரணம் எதுவும் சொல்லாமல், வா என்று நான் கேட்டேனா? கேட்டதில்லை. நீ வேலையாக இருப்பாய், உனக்குக் குடும்பம் இருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று பெரிய மனசுக்காரி மாதிரி இருந்துவிட்டு, கடைசியில் ஊரையே ஏமாற்றினேன்.

இந்த லீவு குழந்தைக்கு. அவளை மலைக்குக் கூட்டிப்போ. காதை மூடிக் கம்பளி கட்டிவிடு, அவளுக்குக் காதுவலி சீக்கிரம் வரும். பனியில் அவள் நிற்கிற படம் ஒன்று அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம், நாலு வரி எழுது. இரண்டு வருடம் கழித்து உனக்கு அடுத்த லீவு வரும். அப்போது புத்தகம் வந்திருந்தாலும் வராவிட்டாலும், ஆட ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீ இங்கே வர வேண்டும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அக்கா