தொட்டிலுக்கு அடித்த மஞ்சள் பவுடர்

அன்பு மகள் கார்குழலிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை கேட்க மனசு வரவில்லை அம்மா. நீ போனை எடுப்பதில்லை, மாப்பிள்ளைதான் எடுத்து "தூங்குறா மாமா" என்கிறார், அதனால்தான் கடிதம். உன் அம்மா சொல்லச் சொன்னாள், கையில் குழந்தை இல்லாவிட்டாலும் நீ பிள்ளை பெற்றவள், பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, காதில் பஞ்சு வை, பிரான்ஸ் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, பூண்டு நிறையச் சேர்த்துக்கொள்.

தை மாதம் பிள்ளையோடு வருவாய் என்று உழவர்கரையில் நம் பட்டறையிலேயே இரும்புத் தொட்டில் ஒன்று செய்தேன். ஊரார் வீட்டு இரும்பு கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பவுடர் கோட்டிங் அடிக்கிறவன் பேரப்பிள்ளைக்கு அடிக்காமல் இருப்பேனா. ஆசிட்டில் முக்கித் துருவை எடுத்து, கழுவிக் காயவைத்து, விரல் பிசுக்குகூடப் படாமல் கொக்கியில் மாட்டி, நானே மஞ்சள் பவுடர் அடித்தேன். உனக்குத்தான் தெரியுமே, அடித்த பவுடர் கரண்டில்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஊதினால் கொட்டிவிடும், ஓவன் சூட்டில் உருகிப் பிடித்துவிட்டால் அப்புறம் லேசில் போகாது. ஓவனில் தள்ளப் போகும்போதுதான் மாப்பிள்ளை போன் செய்து பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம்மிடம் வேலை செய்யும் ராஜவேல் காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு "ஊதிடட்டுமாண்ணே" என்று கேட்டான், அவன் என்ன செய்வான் பாவம். சேதி கேட்டு ஓடிவந்த உன் அம்மா தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் "உசிரோட பொறக்கலன்னா நம்ம புள்ள இல்லன்னு ஆயிடுமா, உள்ள தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். கதவை மூடிவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

தொட்டில் இப்போது வீட்டில் கூடத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு அஞ்சலாட்சி வந்து "பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் செஞ்சா இப்படித்தான், தூக்கி வெளிய போடுங்க" என்றாள், எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிவிட்டேன். உன் அம்மா அதைத் தினமும் துடைக்கிறாள். அடுத்தது எப்போது என்று நாங்கள் கேட்கவே மாட்டோம், நீ வந்து எங்கள் மடியில் படுத்து அழு, அது போதும்.

சாமிமேல் கோபமாகத்தான் இருக்கிறேன், ஆனாலும் மணக்குள விநாயகரிடம் போய் உன்னைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்களாம், நீதான் சொன்னாயாம். மாப்பிள்ளையைக் கேட்டால் "அவளையே கேளுங்க மாமா" என்கிறார். பெயர் தெரியாமல் உன் அம்மா பாப்பா பாப்பா என்றுதான் அழுகிறாள்.

உன் அப்பா,
இராமதாஸ்
முத்தியால்பேட்டை