புளிக்கடை மாடியில் நான் சொன்ன பொய்

என் ஜெபமணிக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அடக்கத்தன்று பாறசாலைக்கு வந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு, உன் மனைவி ரோஸியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். துக்கத்தில் வாய் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதானா?

செவ்வாய்க்கிழமை உன் மகள் பிரின்ஸி கூப்பிட்டாள். சர்ச்சில் நினைவுக் கூட்டம் வைத்து, சிறு புத்தகம் ஒன்றும் போடுகிறார்களாம். "அங்கிள் ஒரு பேஜ் எழுதித் தரணும், கேட்டோ. அப்பாவோட காலேஜ் காலம் அங்கிளுக்குத்தானே அறியும்?" என்றாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒரு காரியம் கேக்கட்டா? பைனல் பரீட்சை சமயத்துல அப்பாவை ஏன் ரூம்லேருந்து எறக்கி விட்டாங்க? எப்பக் கேட்டாலும் அப்பா சிரிச்சிட்டுப் போயிரும்."

"யோசிச்சு எழுதறேன்மா" என்றேன். ஐம்பது வருடத்துக்கு மேல் யோசித்தது போதாதா?

மூன்று முறை எழுதினேன். முதலில் 'வசதிக்காக இடம் மாறினார்' என்று வந்தது. அடுத்ததில் 'சூழ்நிலை காரணமாக'. மூன்றாவதில் அந்த வாக்கியமே இல்லை. தனியாக எழுதினால் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். என் வீட்டிலும் படிப்பார்கள். படிக்கட்டும்.

படிப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் படித்த மலையாள நகரத்தில், ஆரியசாலைத் தெருவில், கீழே புளியும் வற்றலும் விற்கும் மொத்தக் கடை. மாடியில் நாலு அறைகள், காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு; ஒன்றில் நீயும் நானும். கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி, சுத்த சைவம். மீனோ இறைச்சியோ படியேறக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட விதி. மற்றபடி நல்ல மனிதர். செங்கோட்டையிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்ட என் அப்பா, அந்த விதியைக் கேட்டுத்தான் நிம்மதியாக ரயில் ஏறினார்.

கரமனையில் ஒரு சேச்சி மாணவர்களுக்குச் சமைத்து, மத்தியானம் கேரியரில் கொடுத்தனுப்புவாள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் பூசியிருக்கும். உன்னுடையது சிவப்பு. அதன் மேலடுக்கில் சோறு, நடுவில் அவியல், அடியில் சாளை மீன் கறி. கீழேயிருந்து ஏறி வரும் புளி, மிளகாய் நெடியில் மீன் வாசம் யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கைப் போட்டவன் நீ. முதல் தடவை "ஒரு முள்ளாவது நக்கிப் பாரும், சாமி. சொர்க்கத்துல இது கெடைக்காது, கேட்டியா மக்கா" என்றாய். பிறகு நீ கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அடியடுக்கில் பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.

முள்ளை அப்படியே வீசுவது எனக்கு ஆகாது. என் ரசாயனக் குறிப்புத் தாளில் நாலாக மடித்துக் கட்டி, காலேஜுக்குப் போகும் வழியில் சாலைக் கடைத்தெருக் குப்பையில் போடுவேன். தினமும் அதே இடம். ஒருநாள் லேபுக்கு நேரமாகிவிட்டது. பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினேன். பூனை அதை இழுத்துப்போய், அண்ணாச்சி வாசலில் புளி காயவைத்த பாயின் நடுவில் பிரித்துவிட்டது.

சாயங்காலம் அவர் தாளோடு மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ரயில்வே கடிதங்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பவன் நான். "இது நம்ம நாராயணன் எழுத்துல்லா?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நீ எழுந்தாய். "அவன் நோட்டுலேருந்து கிழிச்சது நான் அண்ணாச்சி. மீனும் என்னோடதுதான்."

அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "உள்ளதச் சொல்லும் சாமி. நீரு தின்னீரா?"

"எனக்கு அந்த மணமே ஆகாது, அண்ணாச்சி."

நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். நீதான் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டாயே. அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொன்னேன்?

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "உங்கப்பா காதுல விழுந்தா உன் படிப்பு அதோட தீந்துது, சாமி. எனக்கென்ன, எங்க வீட்டுப் பூனைகூட மீன் தின்னும்" என்று சிரித்தாய். பரீட்சைக்கு எட்டு நாள். அந்த நேரத்தில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாய், மஞ்சள்காமாலையில் விழுந்தாய், உன் பரீட்சை இரண்டாவது பேப்பரோடு நின்றது. நான் பாஸானேன், காலேஜ் வாத்தியாரானேன். நீ ஒரு ஸ்கூல் ஆபீஸில் குமாஸ்தாவாகவே ரிட்டயரானாய்.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போனேன். மாடியில் இப்போது பெண்கள் விடுதி. பைக்கில் வந்தவன் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினான். ஒரு பெண் வாங்கிக்கொண்டு ஏறினாள். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எதிரே நின்றுவிட்டு வந்தேன்.

இன்று காலையில் பிரின்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு வைத்துக்கொண்டுதான் பேசினேன்; இல்லாவிட்டால் ஏதாவது விட்டுவிடுவேன்.

"அங்கிள் மீன் தின்னுமா?" என்றாள் முதலில். சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"தாத்தா என்ன நெனச்சுது தெரியுமா அங்கிள்? அப்பா கள்ளு குடிச்சு மாட்டிக்கிச்சுன்னு. சாகற வரைக்கும் அப்பாகிட்ட செரியாப் பேசல. அம்மாவும் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் நம்புது."

எனக்கு இது தெரியாது, ஜெபமணி. மீன் என்று சொல்லியிருந்தால் உன் அப்பா நேரே கடைக்குச் சண்டைக்கு வந்திருப்பார்; அண்ணாச்சி தாளை எடுத்துக் காட்டியிருப்பார். அதற்காகவா குடிகாரன் என்ற பெயரோடு இருந்தாய்? எத்தனை தடவை சந்தித்தோம், ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் மட்டும் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல நான் வந்திருப்பேனா?

"பேஜ் எழுதுங்க அங்கிள். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நேர்ல வந்து சொல்லணும். போன்ல வேண்டாம்," என்றாள் பிரின்ஸி.

இது அச்சில் வருவதற்கு முன்பே, சனிக்கிழமை காலை வருகிறேன். ரோஸி திட்டுவாளோ, கதவைச் சாத்துவாளோ, தெரியவில்லை. ஆனாலும் அவள் முன்னால் நின்று, மீனைத் தின்றவன் நான், நீ குடிக்கவில்லை என்று சொல்லாமல் பஸ் ஏற மாட்டேன். அவள் கேட்டு முடித்த பிறகுதான் புத்தகத்துக்கு அந்தப் பக்கத்தை எழுதுவேன்.

உன் உடன்பிறவாத் தம்பி,
நாராயணன்