கறுத்த கோடுகள்

கிளாத்தென், 4 ஜூன் 2021

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு,

கஞ்சி வந்தது. இஞ்சியை இப்படி அள்ளிக் கொட்டியிருக்கிறீர்களே, சந்தையில் சும்மா கொடுத்தார்களா? மாடியில் நான், கீழே நீங்கள். ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி ஜாவாவிலேயே நாம் மட்டும்தான். நாலாவது கீமோவுக்குப் பிறகு எலும்பெல்லாம் குளிர்கிறது. உடம்பில் காற்று புகுந்துவிட்டது. முன்போல எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டிவிடுங்களேன். கோடு கோடாகச் சிவக்கச் சிவக்கக் காற்று வெளியேறிவிடும்.

உங்கள் முர்தினி

6 ஜூன்

அன்பு முர்தினி,

உன் குரலைக் கேட்டால் கதவைத் திறந்துவிடுவேன். அதனால்தான் தட்டை வைத்துவிட்டு ஓடிவருகிறேன். சோயாவைப் புளிக்கவைத்த தெம்பேக் கட்டி விற்கச் சந்தையில் தினமும் நூறு பேர் மூச்சுக்கு நடுவில் நிற்பவன் நான். டாக்டர் சொன்னது நினைவில்லையா? "வெள்ளணு ரொம்பக் கம்மி. கொரோனா வந்தா தாங்க மாட்டாங்க, யாரும் கிட்டப் போகாதீங்க." பக்கத்து வீட்டு ஸ்ரீயாத்துன் நேற்று கொரோனாவில் போய்விட்டாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பர்ஜோனோ

17 ஜூன்

வீட்டுக்காரருக்கு,

பொறுத்துப் பார்த்துவிட்டேன். மூன்று மாதமாக என்னைத் தொட்டதெல்லாம் ஆஸ்பத்திரிக் கையுறைதான். நேற்று என் கையையே வேறொருவர் கையாக நினைத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அடுத்த கீமோவுக்குப் போகப்போவதில்லை. ஜன்னல் வழியே கிணற்றைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்பதை எழுத மாட்டேன். வாருங்கள்.

முர்தினி

19 ஜூன்

என் ராசாவுக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் மாடிக்கு வந்து சுரண்டிவிட்ட பிறகு காலை ஏழு மணிவரை தூங்கினேன்! "இன்னும் அழுத்துங்க, என்ன, தெம்பேயத் தடவுற மாதிரித் தடவுறீங்க" என்று நான் நச்சரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். முகக்கவசத்துக்குள் நீங்கள் அழுததும் எனக்குத் தெரியும். கோடுகள் இந்த முறை சிவக்காமல் கறுத்திருக்கின்றன. அவ்வளவு காற்று உள்ளே இருந்திருக்கிறது! கீமோவுக்குப் போகிறேன்.

உங்கள் முர்தினி

23 ஜூன்

முர்தினி,

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைச் சேர்த்துக்கொண்டவர்கள், கொரோனா என்று என்னை உள்ளே விட மறுக்கிறார்கள். டாக்டர் சத்தம் போட்டார்: "ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு இவ்வளவு கம்மியா இருக்கிறவங்க முதுகை யாருங்க சுரண்டச் சொன்னது? ரத்தம் நிக்கல. தோல் கிழிஞ்ச வழியா கிருமியும் உள்ள போயிடுச்சு." என் மூச்சுக்குத்தான் பயந்தேன், என் கைக்குப் பயப்படவில்லை. கோடு கறுத்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேனே, பாவி. திட்டியாவது ஒரு வரி எழுது.

பர்ஜோனோ

24 ஜூன்

என் ராசாவுக்கு,

பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். இனி வீடு திரும்ப மாட்டேன் என்று இவர்கள் முகமே சொல்கிறது. திட்டச் சொன்னீர்கள், திட்டுகிறேன்: மூன்று மாதம் வராமல் இருந்தீர்களே, அதற்கு. வந்த அந்த ஒரு நாளுக்கு இல்லை. யாராவது உங்களைக் குற்றம் சொன்னால், நீங்களே சொல்லிக்கொண்டாலும், பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதனால் இப்போதே எழுதிவைக்கச் சொல்கிறேன்: சுரண்டச் சொல்லிக் கேட்டவள் நான்.

முர்தினி