பூக்குழிக்குப் போடும் சட்டை

அன்பு மகள் முத்துமீனாவுக்கு ஒத்தக்கடையிலிருந்து அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி உக்கிரபாண்டியும் நன்றாக இருக்கிறோம், என் பிரஷர் மட்டும் உன்னால் ஏறிக்கிடக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் வாயைத் திறந்தாலே "டூட்டி இருக்கும்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். முழுசாகப் படி, பாதியில் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுத் தப்பிக்காதே.

எல்லாம் அந்தச் சட்டை விஷயம்தான். தம்பி இந்தப் பங்குனிக்குப் பூக்குழி இறங்கப் போகிறான் என்றதும் "இந்தக் காலத்துல போயி நெருப்புல நடக்குறீகளேம்மா" என்று எங்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாய். அதோடு விட்டாயா? மறுநாளே "நடக்குறதுதான் நடக்குறாங்க, பாக்கவாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று, அவனோடு இறங்குகிற தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் பனியன் சட்டை உன் செலவு என்று சொல்லிவிட்டாய். மஞ்சள் சட்டை, நெஞ்சு நிறைய அம்மன் முகம், கீழே ஓரம் முழுக்கத் தீ எரிகிற மாதிரி டிசைன். நிஜத் தீ போதாதென்று சட்டையில் வேறு தீ. அம்மன் முகத்தைப் போட்டால் அப்புறம் அந்தச் சட்டையைத் துவைகல்லில் அடிப்பது எப்படி, பழசானால் கரித்துணி ஆக்குவது எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. உன் அப்பா ஒருத்தர், முதுகில் "உபயம் முத்திருளன் குடும்பத்தார்" என்று வருமா என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலையே கிடையாது.

போன வாரம் நானும் தம்பியும் ஆரப்பாளையத்தில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் பீமாராவிடம் போனோம். அந்த மனுஷன் மாதிரிச் சட்டைகளை எடுத்துப் போட்டுக் காட்டினார். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் காட்டன் துணியில் மையை நேராகத் தேய்த்து இறக்குவது, ஆனால் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி வலைச்சட்டம் கட்ட வேண்டுமாம், அதனால் ஒன்று இரண்டு கலரோடு நிறுத்திக்கொள்வது நல்லதாம். இன்னொன்று, படத்தை பிலிமில் அடித்துச் சூடுவைத்து ஒட்டுவது, காட்டனிலும் வரும், ஆனால் நெஞ்சில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்ட மாதிரிதான். நீ ஆசைப்பட்ட சப்ளிமேஷன் இருக்கிறதே, சாயத்தைச் சூட்டில் துணிக்குள்ளேயே ஏற்றுவது, அது போட்டோ மாதிரியே பளபளவென்று வருகிறது, உண்மைதான், நானே அசந்துபோனேன். ஆனால் அது பாலியஸ்டர் துணியில்தான் பிடிக்குமாம். பாலியஸ்டர் என்றதும் நான் சும்மா விடுவேனா? அங்கே சாமி படத்துக்குச் சாம்பிராணி போட வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, காட்டன் துண்டு ஒன்றையும் பாலியஸ்டர் துண்டு ஒன்றையும் கீழே போட்டுக் கொளுத்திப் பார்த்தேன். "யக்கா, கடைக்குள்ள தீ வைக்காதீக, கோடிப் புண்ணியம்" என்று பீமாராவ் அலறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார். காட்டன் எரிந்து சாம்பலாகி, ஊதினால் பறந்துவிட்டது. மற்றது சுருண்டு உருகிச் சொட்டி, சிமெண்டுத் தரையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பி நகத்தால் சுரண்டிப் பார்த்தான், வரவில்லை. தரைக்கே அப்படி என்றால் தோலுக்கு எப்படியடி? ஒரு பொறி பறந்து வந்து ஒட்டினால் போதாதா? நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, தீக்காயத்தை நான் பார்த்ததைவிட அதிகம் பார்த்திருப்பாய், உனக்கு இது தோன்றவில்லையா?

இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டுக்கூட உன் தம்பி என்ன சொல்கிறான் தெரியுமா? "அக்கா ஆசப்பட்டுச் சொன்னதும்மா, அவ மனசு கோணக் கூடாது, அந்தச் சட்டையத்தான் போடுவேன், ஒண்ணும் ஆகாது" என்கிறான். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன், சோறு போட மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இடித்தபுளி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். உங்கள் இரண்டு பேரையும் பெற்றதற்கு எனக்கு இது வேண்டும். வேப்பிலைக் கொத்து மட்டும், ஒரே அரக்குக் கலரில், காட்டனில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவோம் என்கிறேன், அதைக் காதிலேயே வாங்கவில்லை. பீமாராவ் வெள்ளிக்கிழமை வரை மெஷினை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை காப்புக்கட்டு, திருவிழா தொடங்கிவிடும்.

இதை நான் சொல்லக் கூடாது. தம்பி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஆனால் நீ போனில் பேசிய பேச்சுக்கும் அவன் பிடிக்கிற பிடிவாதத்துக்கும் நடுவில் என் உயிர் போகிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உனக்கு ஆபரேஷன் ஆகி ஐசியூவில் கிடந்தாயே, விசா கிடைக்காமல் நாங்கள் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றோமே, அப்போது அவன் நேர்ந்துகொண்டதுதான் இந்தப் பூக்குழி. உனக்காகத்தான் இறங்குகிறான். நீ திட்டியபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உனக்காகத் தீயில் இறங்குகிறவன், உன் மனசு கோணும் என்று தீயில் உருகுகிற சட்டையையும் போட்டுக்கொண்டு இறங்குவான். எனக்குத் தாங்கவில்லை மீனா.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. வெள்ளிக்கிழமைக்குள் தம்பியைக் கூப்பிடு. நேர்த்திக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, நான் சொன்னேன் என்று தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டான். "எனக்கு அந்த டிசைன் பிடிக்கலடா, காட்டன்லயே போட்டுக்க" என்று மட்டும் சொல். நீ சொன்னால் கேட்பான்.

உன் அம்மா
கனகலட்சுமி