பாட்டில்தான் சாப்பாடு

ஞாயிறு இரவு.

சிங்கப்பூர் தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு. கல்யாணப் பேச்சுக்காகக் கவிதாவின் பெற்றோரை இன்றுதான் முதலில் பார்த்தேன்.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க தம்பி?" என்றார் அவள் அப்பா. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூரப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

"விடியக்காலையிலேயே தண்ணியில இருப்பேன் அங்கிள். அப்புறம் சைக்கிள். அதுல போறப்ப பாட்டில்தான் சாப்பாடு. கால்மணிக்கு ஒரு மடக்கு உள்ள போகலேன்னா கைகால் நடுங்கும்."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார். அவள் அம்மா அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிதா மட்டும் மோர் டம்ளருக்குள் சிரித்தாள், துரோகி.

கை கழுவும் இடத்தில் அவர் என் தோளைத் தொட்டார். "நானும் ஒரு காலத்துல அப்படித்தான் தம்பி. மனசு வச்சா விட்டுடலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டிலில் இருப்பது சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீர், ஆறு மணி நேரம் சைக்கிளை விட்டு இறங்காமல் அதைத்தான் குடிப்பேன், இறங்கியதும் ஓடுவேன் என்று அவசரமாக விளக்கினேன்.

அவர் ஈரக் கையோடு என்னையே பார்த்தார். மேசைக்குப் போய் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"குடிகாரனா இருந்தாக்கூடத் திருத்திடலாம் லா."